கம்பெனிக் கணக்கில் அபின் இல்லை. அப்படியானால் தேயிலைக்கான வெள்ளி எங்கிருந்து வந்தது?

ஏடு எழுதியது:

சீனாவின் காண்டன் துறைமுக வணிகத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. 1784இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5க்கு இறக்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொள்முதல் எகிறுகிறது. சீன வணிகர் கேட்பதோ வெள்ளி. இங்கிலாந்துக் கம்பளித் துணி அங்கே பெரும்பாலும் நட்டத்தில்தான் தள்ளப்படுகிறது. அப்படியிருந்தும் 1804க்குப் பிறகு லண்டனிலிருந்து வெள்ளி ஏற்றுவது ஏறக்குறைய நின்றேபோகிறது. "அபின் விற்ற பணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கம்பெனி தன் கப்பலில் அபின் ஏற்றிக் காண்டனுக்குப் போகவில்லை. வேறு யாரோ விற்ற சரக்கின் பணம் கம்பெனிப் பெட்டிக்குள் எந்த வழியாக விழுந்தது? படிப்படியாகச் சொல்லுங்கள். நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

கிட்டங்கி எழுதியது:

கல்கத்தா ஏலத்திலிருந்து தொடங்குங்கள். பீகாரிலும் காசிச் சீமையிலும் உழவருக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி போட வைத்தது கம்பெனி. அபினாகும் அதன் பாலை வாங்கும் உரிமையும் கம்பெனிக்கு மட்டுமே. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருண்டை பிடித்து, பெட்டியில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம். சுத்தியல் விழுந்ததும் கம்பெனிக்கும் சரக்குக்கும் உறவு முடிந்தது. இலாபம் வங்காள அரசின் வருவாய்ப் பக்கத்தில் ஏறிவிடும். காண்டன் கணக்கில் அபினைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஏலத்தில் எடுத்தவர்கள் தனி வணிகர்கள்: ஸ்காட்லாந்துக்காரர், பார்சிகள், ஆர்மேனியர், கல்கத்தாச் சேட்டுகள். அவர்களுடைய கப்பல்களுக்கு "நாட்டுக் கப்பல்" என்று பெயர். அவை ஆசியாவுக்குள் மட்டும் ஓடலாம், இங்கிலாந்துக்குப் போகக்கூடாது. இந்தத் தடைதான் சாவி. சீனாவில் விற்றுச் சேர்த்த வெள்ளியை ஊருக்கு அனுப்ப வேண்டும், கப்பலோ லண்டன் போகாது. வெள்ளியைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் சட்டவிரோதம், கடலில் மூழ்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே காண்டனில் இருந்த கம்பெனிக் கருவூலத்துக்கு வெள்ளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொண்டு லண்டன் மீதோ கல்கத்தா மீதோ உண்டியல், அதாவது அங்கே போய்ப் பணம் பெற்றுக்கொள்ளும் மாற்றுச் சீட்டு, எழுதிக் கொடுத்தது. லண்டன் உண்டியலுக்குத் தவணை நீளம். அந்த இடைவெளியில் தேயிலை லண்டன் போய் ஏலத்தில் விற்று, அந்தப் பணத்திலேயே உண்டியல் தீர்ந்துவிடும்.

ஆக, கம்பெனி காண்டனில் வெள்ளியை எண்ணி வாங்கியது. அது அபின் வெள்ளியா, பம்பாய்ப் பஞ்சு விற்ற வெள்ளியா, மலபார் சந்தனம் விற்றதா என்று கேட்கவில்லை. வரவுப் புத்தகத்தில் "உண்டியலுக்கு எதிராகப் பெற்ற பணம்" என்ற வரிகளைக் கூட்டிப் பாருங்கள், தேடும் அபின் அங்கே இருக்கிறது.

எளியவன் எழுதியது:

நாட்டுக் கப்பலுக்கு லைசென்ஸ் கொடுத்ததே கம்பெனிதானே? அபின் ஏற்றக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்குமே?

கிட்டங்கி எழுதியது:

எழுதியிருந்தார்கள், நேர்மாறாக. கம்பெனி ஏலத்தில் எடுக்காத அபினை ஏற்றினால் தண்டம் என்று! தன் சொந்தக் கப்பல்களுக்கு மட்டும் முழுத் தடை. சீன அதிகாரி கேட்டால் காட்ட ஒரு காகிதம், வங்காள வருவாயைக் காக்க இன்னொரு காகிதம்.

தராசு எழுதியது:

கிட்டங்கி அண்ணன் சொன்ன ஓட்டம் சரி. ஆனால் "பெட்டி" என்ற சொல்லை எல்லோரும் ஒரே அளவாக எடுத்துக் கணக்குப் போட்டுச் சறுக்குகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்னா, காசிப் பெட்டி என்றால் 40 உருண்டை. மேல்தட்டில் 20, கீழ்த்தட்டில் 20, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. உருண்டை ஏறக்குறைய மூன்றரைப் பவுண்டு. மேலோடு கசகசாப் பூவின் இதழ்களைத் தட்டையாக்கி, மட்டமான அபின் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. மேலோட்டையும் சேர்த்துத்தான் அந்த எடை. மாளவப் பெட்டி வேறு. அது பம்பாய் வழியாக வருவது, மேலோடு இல்லாத சிறு அடைகள், பெட்டிக்கு ஒரு பிக்குல். கம்பெனியின் நேரடிப் பிடி மாளவத்தில் இல்லாததால் தரம் ஊருக்கு ஊர் மாறும், கலப்படமும் உண்டு. அதனால் வாங்குபவர் ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் சுரண்டி, செப்புச் சட்டியில் நீர்விட்டுக் கரைத்து, வடித்து, காய்ச்சிச் சுண்ட வைத்து எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துத்தான் விலை பேசுவார். பாட்னா உருண்டைக்கு முத்திரையே போதும்.

எடைக்கணக்கு: 16 டேல் ஒரு காட்டி, 100 காட்டி ஒரு பிக்குல், அதாவது 133⅓ பவுண்டு, 60.5 கிலோ. டேல் என்பது நாணயம் இல்லை, வெள்ளியின் எடை, சுமார் 37.8 கிராம். கையில் புழங்கியது ஸ்பானிய டாலர். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 0.72 டேல். டாலரில் கணக்கு எழுதி டேலில் வரி கட்டியவர்களின் ஏட்டில் இந்த 0.72ஐ மறந்தால் தொகை மூன்றில் ஒரு பங்குக்குமேல் வீங்கிவிடும்.

டாலர் வந்ததும் நேராகப் பெட்டிக்குள் போகாது. சராப்பு என்ற நாணயச் சோதனைக்காரர் ஒவ்வொன்றையும் தட்டி ஓசை கேட்டு, எடை பார்த்து, நல்லதென்றால் தன் முத்திரையைக் குத்துவார். பல கை மாறிய டாலரில் முகமே தெரியாத அளவுக்குக் குத்து விழுந்து, கடைசியில் உடைந்த வெள்ளியாக எடைக்குத்தான் போகும். ஹாங்காங்கில் இன்றும் வண்டி நிறுத்துமிடக் கட்டண அறையில் "ஷ்ராஃப்" என்று பலகை தொங்குகிறது. அந்தச் சொல் நம் சராப்புக்கு உறவுதான். சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் "கேஷ்" என்றது போர்ச்சுக்கீசியர் வாய்வழி போன நம் காசு.

பாய்மரம் எழுதியது:

கப்பல் பக்கம் ஒருவரும் வரவில்லையே. "காண்டனில் கொள்ளை வரி வாங்கினார்கள்" என்று வணிகர்கள் புலம்பியதை அப்படியே ஒப்பிக்கிறோம். என்ன வாங்கினார்கள் என்று பார்ப்போம்.

1757க்குப் பிறகு மேற்கத்தியக் கப்பலுக்குக் காண்டன் ஒன்றே வாசல். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, வடகிழக்கில் திரும்ப வேண்டும். மக்காவில் வழிகாட்டி மாலுமியையும் அனுமதிச் சீட்டையும் பெற்று, ஹூமன் கோட்டையில் சீட்டைக் காட்டி, வாம்போவாவில் நங்கூரம். பெரிய கப்பல் அதற்குமேல் போகாது; காண்டனுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் படகில்தான். பின்புறத்தில் சுங்கக் காவல் படகு இரண்டைக் கட்டிவிடுவார்கள். கோஹாங் என்ற, வெளிநாட்டாரோடு வணிகம் செய்ய உரிமை பெற்ற சீன வணிகர் சங்கத்தில் ஒருவர் பிணை நின்றாலொழிய ஒரு மூட்டையும் இறங்காது. கப்பலுக்குச் சோறு தண்ணீர் வாங்க ஒரு கம்ப்ரதோர், காகித வேலைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். சென்னைப்பட்டினத்துத் துபாஷ் ஒருவரே பார்த்த வேலையை அங்கே இரண்டாகப் பிரித்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை நாள்: ஹொப்போ என்ற சுங்கத் தலைவரோ அவர் ஆளோ கப்பலில் ஏறுவார். முன்பாய்மரத்திலிருந்து பின்பாய்மரம் வரை நீளம், நடுவில் அகலம், இரண்டையும் சீன முழத்தில் (சுமார் 36 செ.மீ.) எடுத்துப் பெருக்கி, பத்தால் வகுப்பார்கள். முதல் தரக் கப்பலுக்கு அலகுக்கு 7.777 டேல், இரண்டாம் தரத்துக்கு 7.142, மூன்றாம் தரத்துக்கு 5. நீளம் 75, அகலம் 24 என்றால் 1,800. பத்தால் வகுக்க 180. அதற்கு 1,400 டேல். சில்லறைக் கழிவும் கூட்டலும் தனி.

வலித்தது இதுவல்ல. இதற்குமேல் "காணிக்கை" 1,950 டேல், எல்லாக் கப்பலுக்கும் ஒரே தொகை. 50க்கு 20 அளவுள்ள மூன்றாம் தரக் கப்பல் அளவை வரியாக 500 டேல் கட்டிவிட்டு, அதைப்போல் நாலு மடங்கு காணிக்கை கட்டும். கம்பெனி 1,200 டன் கப்பல்களைக் கட்டி அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய வயிற்றில் பரப்பினால் பிக்குலுக்கு விழும் சுமை அற்பம். சின்னக் கப்பல் வைத்திருந்த தனி வணிகருக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். அரிசி மட்டும் ஏற்றி வரும் கப்பலுக்குக் காணிக்கையும் அளவை வரியும் தள்ளுபடி, ஊரில் பஞ்சம் வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. 1820களுக்குப் பிறகு லிண்டின் தீவோரம் கிடங்குக் கப்பல்கள் நிலையாக நின்றன. வருகிற கப்பல் அபினை அங்கே இறக்கும், அங்கேயே அரிசி வாங்கி ஏற்றிக்கொள்ளும், "அரிசிக் கப்பல்" என்று சொல்லி வாம்போவாவுக்குள் நுழைந்து தேயிலையோடு திரும்பும்.

ஏடு எழுதியது:

பாய்மரம், அரிசி விஷயம் புதிது. லிண்டினில் இறக்கிய சரக்கு கரைக்குப் போனது எப்படி? பணம் எங்கே கைமாறியது?

பாய்மரம் எழுதியது:

பணம் காண்டனில், சரக்கு கடலில். சீனத் தரகர் காண்டன் வணிக அலுவலகத்தில் வெள்ளியைக் கட்டுவார், விடுப்புச் சீட்டு வாங்குவார். ஐம்பது அறுபது துடுப்புப் போட்ட, "வேக நண்டு" என்ற படகில் லிண்டின் போய்ச் சீட்டைக் கொடுப்பார். பெட்டியைக் கப்பல் தளத்திலேயே உடைத்து, எண்ணி, பாய்ப் பைகளில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று காவல் படகுகளுக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டு வணிகர் கடன் கொடுக்கவே தேவையில்லை, முழுக்க ரொக்கம். தேயிலை, பஞ்சு வியாபாரத்தில் கடன் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அபினில் வெள்ளி அன்றைக்கே கையில். சட்டப்படியான சரக்கைவிடத் திருட்டுச் சரக்கு ஒழுங்காக ஓடிய விந்தை இது.

வராகன் எழுதியது:

பாய்மரம் துறைமுகக் கட்டணத்தையே அபின் போருக்குக் காரணமாக்கிவிடுவார் போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் உயர்வு என்று தெரிந்தும் கம்பெனி எழுபது ஆண்டுக்குமேல் அங்கேயே இருந்தது. பிரிட்டிஷ் கருவூலத்துக்குத் தேயிலை வரியிலிருந்தே வருவாயில் பத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அந்தக் குழாயை உடைக்க மனமில்லை.

உடைந்தது 1834 ஏப்ரலில். கம்பெனியின் ஏகபோகம் முடிந்தது. அதுவரை ஒரு பக்கம் கோஹாங், ஒரு பக்கம் கம்பெனிக் குழு, இரண்டும் மொத்த வணிகர் சங்கங்கள். பேரம் பேச ஆள் தெரியும். இப்போது யார் வேண்டுமானாலும் வரலாம். லண்டன் அனுப்பியதோ வணிகரை அல்ல, அரசுப் பிரதிநிதி நேப்பியர் பிரபுவை. அவர் ஜூலையில் அனுமதியில்லாமல் காண்டனுக்கு வந்து, கோஹாங்கை ஒதுக்கிவிட்டு நேராக ஆளுநருக்கே கடிதம் நீட்டினார். வாங்க மறுத்தார்கள். காய்ச்சலோடு மக்காவுக்குத் திரும்பி அக்டோபரில் இறந்தார்.

கோஹாங்கின் நிலைமையையும் பாருங்கள். பிணை நின்ற கப்பல்காரன் தப்பு செய்தால் தண்டம் அவர்கள் தலையில். ஒரு ஹாங் (கோஹாங்கில் உள்ள வணிக நிறுவனம்) திவாலானால் அவன் வெளிநாட்டுக் கடனை மற்ற ஹாங்குகள் பொது நிதியிலிருந்து தீர்க்க வேண்டும். அந்த நிதிக்குச் சரக்கின்மேல் தனி வரி. அதிகாரிகள் கேட்கும் "நன்கொடை"யும் இதே நிதியிலிருந்து. நன்றாக நடத்துகிறவன் மற்றவன் கடனைச் சுமக்கும் ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? அபின் போரை முடித்த 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தின் 2.1 கோடி டாலர் இழப்பீட்டில் 30 லட்சம் இந்த ஹாங் கடன்தான். 60 லட்சம் அழிக்கப்பட்ட அபினுக்கு, 1.2 கோடி போர்ச் செலவுக்கு.

எளியவன் எழுதியது:

தனியார் கள்ளச்சரக்கு அழிந்ததற்கு ஒரு அரசு ஏன் இழப்பீடு கேட்டது?

கிட்டங்கி எழுதியது:

எலியட் போட்ட ஒரு கையெழுத்தால். 1839 மார்ச் 10 அன்று, அபினை ஒழிக்கச் சீனப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் ட்சேஷு காண்டன் வந்தார். சரக்கை ஒப்படைக்கும்வரை வெளிநாட்டார் குடியிருப்பைச் சுற்றி அடைத்தார். பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் எலியட், "அபினை என்னிடம், அதாவது அரசிடம் ஒப்படையுங்கள், பொறுப்பு அரசுடையது" என்று வணிகருக்கு எழுதிக் கொடுத்தார். விலை விழுந்து விற்காமல் கிடந்த சரக்கு. வணிகர்கள் மகிழ்ச்சியோடு 20,283 பெட்டி எழுதிக் கொடுத்தார்கள். லின் கைக்குப் போனபோது அது பிரிட்டிஷ் அரசின் சொத்தாகியிருந்தது.

அழித்த முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "லின் அபினை எரித்தார்" என்று பாடப்புத்தகம்வரை தப்பாக இருக்கிறது. எண்ணெய் ஊற்றி எரித்தால் உருகி மண்ணில் இறங்கும். பிறகு மண்ணைத் தோண்டிக் காய்ச்சி ஒரு பங்கை மீட்டுவிடுவார்கள். ஆகவே ஹூமன் கடற்கரையில் குழிகள்: சுமார் 150 அடி நீளம், 75 அடி அகலம், 7 அடி ஆழம், அடியில் கல் பாவி, பக்கங்களுக்குப் பலகை அடித்தவை. இரண்டடி நீர் விட்டு உப்பைக் கொட்டுவது. உருண்டைகளை மேலே பலகையில் வைத்து உடைத்து நீரில் தள்ளி ஊற விடுவது. அப்புறம் சுண்ணாம்பு, நீர் கொதித்துக் கிளம்பும்போது ஆட்கள் மண்வெட்டியால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கூழாய்க் கரைந்ததும் கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டு, குழியைக் கழுவி விடுவது. ஒரு குழி ஊறும்போது இன்னொன்று வடியும். ஜூன் 3இல் தொடங்கி மூன்று வாரம் ஆயிற்று. கடல் தெய்வத்திடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு, மீன்களை விலகிப் போகச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார் லின்.

ஈட்டி எழுதியது:

அந்தப் போரில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் இருந்ததை யாரும் சொல்லவில்லை. 37ஆம் மதராஸ் காலாட்படையும் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் போனார்கள். 1841 மே 30 அன்று காண்டனுக்கு வடக்கே சன்யுவான்லியில் 37ஆம் படையின் ஒரு சிறு பிரிவு புயல்மழையில் வழி தவறியது. கையிலிருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. கிண்ணத்தில் போட்ட மருந்து நனைந்தால் பொறி விழுந்தாலும் வெடிக்காது. ஊர்மக்களின் நீண்ட கொக்கி ஈட்டிகளுக்கு நடுவே சதுரமாக நின்று பயனெட்டால் சமாளித்தார்கள். மீட்க வந்த கடற்படை வீரர்களிடம் தட்டுத்தொப்பித் துப்பாக்கி. மூடிய தொப்பிக்குள் வெடிமருந்து இருப்பதால் மழையிலும் சுட்டது. சீன வரலாற்றில் இது ஊர்மக்களின் பெரிய வெற்றி.

தராசு எழுதியது:

1842க்குப் பின் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். நான்ஜிங் ஒப்பந்தத்தில் அபினை விற்கலாமா கூடாதா என்று ஒரு சொல் கிடையாது. ஐந்து துறைமுகம், ஹாங்காங், கோஹாங் ஒழிப்பு, அவ்வளவே. காணிக்கை போனது. 1843 விதிப்படி டன்னுக்கு 5 மேஸ், அதாவது அரை டேல். 500 டன் கப்பலுக்கு 250 டேலோடு வேலை முடிந்தது. பாய்மரம் சொன்ன 1,400ம் 1,950ம் சேர்ந்த 3,350ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அபினுக்கு 1858 நவம்பரில் ஷாங்காயில் பிக்குலுக்கு 30 டேல் என்று சுங்கம் போட்டார்கள். வரி போட்டால் சட்டப்படியான சரக்கு என்றாகிவிடுகிறது.

"ஐந்து விழுக்காடு வரி" என்று எல்லோரும் எழுதுவது ஒரு கண்கட்டு. விழுக்காடாக வசூலிக்கவில்லை. அன்றைய விலையில் ஐந்து விழுக்காடு என்ன என்று கணக்கிட்டு, பிக்குலுக்கு இத்தனை, துண்டுக்கு இத்தனை என்று நிலையான தொகையாக அடித்துவிட்டார்கள். 1858இல் ஒருமுறை திருத்தினார்கள், அடுத்து 1902தான். இடையில் விலைகள் நகர நகர இறக்குமதிச் சரக்குக்கு உண்மை வரி ஐந்துக்கும் கீழே போனது. சீன அரசு தன் விருப்பத்துக்கு ஒரு டேல்கூட ஏற்ற முடியாது. அதற்குமேல் இரண்டரை விழுக்காடு கட்டினால் உள்நாட்டு வழிச்சீட்டு. வழியில் லிஜின் என்ற உள்நாட்டுச் சரக்கு வரி வாங்கும் சாவடி எதுவும் தொடக்கூடாது. சீனச் சரக்கு ஒவ்வொரு சாவடியிலும் அழும், மான்செஸ்டர் துணி சீட்டைக் காட்டிவிட்டுப் போகும்.

வராகன் எழுதியது:

அந்த வரியை வசூலித்ததே ஆங்கிலேயர்கள்தானே. ராபர்ட் ஹார்ட் 1863 முதல் சுங்கத் தலைவர். இதைவிட அப்பட்டமான காலனியம் வேண்டுமா?

ஏடு எழுதியது:

ஆனால் ஹார்ட் 1864 சுற்றறிக்கையில், இது சீன அரசின் பணி, வெளிநாட்டுப் பணியல்ல என்றுதானே தன் ஆட்களுக்கு எழுதினார்?

தராசு எழுதியது:

இருவர் சொல்வதும் சரி, ஆண்டுதான் வேறு. பணம் யார் கையில் விழுந்தது என்று பாருங்கள். ஹார்ட் காலத்தில் சுங்க அதிகாரி சரக்கை மதிப்பிட்டுத் தொகையை எழுதிக் கொடுப்பார், அவ்வளவே. வணிகர் அதைச் சீனக் கண்காணிப்பாளரின் வங்கியில் கட்டுவார். ஹார்ட்டின் கை பெட்டிக்குள் போகவில்லை. இரண்டாம் அபின் போரை முடித்த 1860 ஒப்பந்த இழப்பீடு பிரிட்டனுக்கு 80 லட்சம் டேல், பிரான்சுக்கு 80 லட்சம். சுங்க வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஒருவருக்கு, ஐந்தில் ஒரு பங்கு இன்னொருவருக்கு என்று பிடித்தார்கள். அந்தக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வெளிநாட்டு மேற்பார்வை வேரூன்றியது.

1911 புரட்சியில் மாற்றம் வந்தது. மாகாணங்கள் பெய்ஜிங்கை விட்டுப் பிரிந்தன, கடன்காரர்களுக்குப் பயம் பிடித்தது. அப்போதைய தலைவர் அக்லன் பணத்தைத் தாமே வசூலித்து ஹாங்காங் ஷாங்காய் வங்கி உள்ளிட்ட வெளிநாட்டு வங்கிகளில் போட்டார். 1895க்குப் பிந்தைய கடன்கள், 1900 பாக்சர் கிளர்ச்சிக்கான இழப்பீடு எல்லாம் எடுத்தது போக மிச்சத்தைத்தான் பெய்ஜிங்குக்கு விடுவித்தார்கள். 1923இல் காண்டனில் தனி அரசு நடத்திய சுன் யாட்சென் அங்குள்ள சுங்கத்தில் தன் பங்கைக் கேட்டபோது வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் ஆற்றில் வந்து நின்றன. வராகன் சொல்வது இந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும். சுங்கவரியைத் தானே தீர்மானிக்கும் உரிமை சீனாவுக்கு 1929இல்தான் திரும்பியது.

பாய்மரம் எழுதியது:

நிலையான தொகை பற்றித் தராசு சொன்னதற்கு ஒரு மறுபக்கம். இறக்குமதிக்கு அது இலாபம், தேயிலை ஏற்றுமதிக்கோ சுருக்குக் கயிறு. பிக்குலுக்கு 2.5 டேல் என்று 1843இல் போட்டது 1858இலும் மாறவில்லை. பின்னர் லண்டனில் தேயிலை விலை விழ விழ, அதே 2.5 டேல் ஐந்து விழுக்காட்டைத் தாண்டிப் பத்தைத் தொட்டது. லிஜின் வேறு. எதிரே அசாமிலும் இலங்கையிலும் தோட்டத் தேயிலைக்கு ஏற்றுமதிச் சுமை அப்படி இல்லை. உருட்ட இயந்திரம், இலங்கையில் உழைக்க மலையகத் தமிழர் கூலி. 1880களின் முடிவில் பிரிட்டன் சீனத் தேயிலையைவிட இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கியது. ஏடு முதலில் கேட்ட உண்டியல் கணக்கெல்லாம் தேயிலைக்காகத்தானே? அந்தத் தேயிலை சீனாவை விட்டுப் போன பிறகும் அபின் பிக்குலுக்கு 110 டேல் கட்டிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஏடு எழுதியது:

110ஆ? மேலே தராசு 30 என்றாரே.

தராசு எழுதியது:

30 சுங்கம், 80 லிஜின். 1885இல் பேசி முடித்து, 1887 முதல் இரண்டையும் துறைமுகத்திலேயே ஹார்ட்டின் ஆட்கள் சேர்த்து வசூலித்தார்கள்.